பெரட்டுக்கு முன்னால் கணக்கு முடியவில்லை

கேள்வி: மலேசியாவில், தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டக் குழுமத்தின் வட்டார அலுவலகத்தில், கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். 14 தோட்டங்கள், 4 ஆலைகள். மண்டோர்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்) கைப்பேசியில் பதியும் குலைக் கணக்கும், ஆலை எடைமேடையில் போடும் லோரிச் சீட்டுகளும் இரவு 1 மணிக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வழியாக சிங்கப்பூர் கிளவுடில் உள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் போகின்றன. தினம் சுமார் 40,000 பதிவுகள். மூன்று வருடக் கணக்கு சேர்ந்திருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த வேலை இப்போது காலை 7 மணி வரை இழுக்கிறது, சில நாள் 8. மேனேஜர்கள் 6 மணிப் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டத்துக்கு) முன்னால் டேஷ்போர்டைத் திறந்தால் காலியாக இருக்கிறது. தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) கணக்குக்கும் டேஷ்போர்டுக்கும் சில நாள் பொருந்துவதே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய ஸ்கிரிப்ட் ஒவ்வோர் இரவும் தினக்கணக்கு டேபிளைக் காலி செய்துவிட்டு முதல் நாளிலிருந்து மறுபடி கூட்டுகிறது. ஏன் என்று தெரியவில்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது அலுவலகத்து 8 கோர் (தனித்தனியாக வேலை செய்யும் செயலிப் பகுதி) சர்வரில், சிபியு 15 சதவிகிதத்தைத் தாண்டுவதில்லை. எச்சரிக்கை மின்னஞ்சல் மட்டும் தினம் ஐம்பது அறுபது வருகிறது. 16 கோர் சர்வர் வாங்கச் சொல்லி விற்பனையாளர் விலை கொடுத்திருக்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் நண்பர் ஸ்பார்க்குக்கு (பெரிய தரவைப் பல மெஷினில் கையாளும் மென்பொருளுக்கு) மாறச் சொல்கிறார். எதைக் கண்காணிப்பது, எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: அன்புள்ள தங்கைக்கு, வணக்கம். கேட்க வேண்டியதையெல்லாம் நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். அதனால் என் வேலை பாதி குறைந்தது.

முதலில் அந்த 16 கோர் சர்வர். இப்போதைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மேலதிகாரியிடம் சொல்லுங்கள். சிபியு 15 சதவிகிதம் என்றால் மெஷின் சும்மா இருக்கிறது என்று தோன்றும். பாதி உண்மைதான். 8 கோரில் ஒரே ஒரு கோர் மூச்சுமுட்ட ஓடி மற்ற ஏழும் தூங்கினாலும் திரையில் 12.5 சதவிகிதம்தான் தெரியும். சாதாரண பைத்தான் ஸ்கிரிப்ட் அப்படித்தான், ஒரு கோருக்கு மேல் தொடாது. ஆக, இரண்டில் ஒன்று. ஒரு கோர் முழுதாக மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்கிரிப்ட் யாருடைய பதிலுக்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. எதுவானாலும் கோரை இரட்டிப்பாக்கி ஒரு நிமிடம் கூட மிச்சமாகாது. வரிசையாக மட்டுமே செய்ய முடிகிற பகுதிதான் மொத்த வேகத்துக்கு எல்லை போடும் என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே சொல்லிவிட்டார். ஆலை எடைமேடையில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும்போது உள்ளே இன்னொரு கொதிகலன் வாங்கிப் போடுவதைப் போன்ற செலவு இது.

எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. இதற்கு கிராஃபானா, புரோமிதியஸ் போன்ற கண்காணிப்புக் கருவி எதுவும் இப்போது வேண்டாம். டேட்டாபேஸிலேயே ஒரு சின்ன டேபிள் போடுங்கள்: எந்த இரவின் ஓட்டம், எந்தப் படி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், உள்ளே வந்த பதிவுகள், வெளியே போன பதிவுகள். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு படியும் தொடங்கும்போதும் முடியும்போதும் இதில் எழுத வேண்டும். வேறு எதையும் மாற்றாமல் ஒரு வாரம் ஓடவிடுங்கள். கை துறுதுறுவென்றுதான் இருக்கும், ஆனாலும் தொடாதீர்கள். இந்த ஒரு வாரக் கணக்கு இல்லாவிட்டால் பிற்பாடு நீங்கள் செய்த மாற்றத்தால் வேகம் கூடியதா, அன்றைக்குப் பழம் குறைவாக வந்ததா என்று யாருக்கும் சொல்ல முடியாது.

அதே வாரத்தில் இன்னொன்றும் செய்யலாம். போஸ்ட்கிரெஸில் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்று ஒரு வியூ இருக்கிறது. அந்த நொடியில் ஒவ்வோர் இணைப்பும் என்ன செய்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்று அது காட்டும். ராத்திரி கண்விழிக்க வேண்டாம். பத்து விநாடிக்கு ஒருமுறை அதைப் படித்து ஒரு ஃபைலில் சேர்க்கும்படி செய்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எண்ணிப் பாருங்கள். காத்திருப்பு வகையில் கிளையண்ட் என்று அதிகம் வந்தால் டேட்டாபேஸ் உங்கள் ஸ்கிரிப்டுக்காகக் காத்திருக்கிறது. ஐஓ என்று வந்தால் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. லாக் என்று வந்தால் யாரோ ஒருவர் டேபிளைப் பூட்டி வைத்திருக்கிறார்.

உங்கள் அமைப்பில் கிளையண்ட்தான் நிறைய வரும் என்று நினைக்கிறேன், குறைந்தது ஏற்றும் படியிலாவது. ஸ்கிரிப்ட் தெலுக் இந்தானில், டேட்டாபேஸ் சிங்கப்பூரில். ஒரு கேள்வி போய் பதில் வர 10 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவுக்கும் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு கேள்வி, சேர்க்க ஒரு இன்செர்ட், மாற்றத்தை உறுதிசெய்து முடிக்க ஒரு கமிட், ஆக மூன்று தடவை போய்வர வேண்டும். 40,000 பதிவுக்கு 1,20,000 தடவை, 1,200 விநாடி. வெறும் போக்குவரத்துக்கே இருபது நிமிடம். இதில் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. அதே 40,000 பதிவுகளை ஒரு தற்காலிக டேபிளில் காப்பி கட்டளையால் மொத்தமாக இறக்கி, அங்கிருந்து ஒரே இன்செர்ட்டில், ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு என்னும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போட்டு மாற்றினால் சில விநாடிகளில் முடியும். கைப்பேசி ஒவ்வொரு பதிவுக்கும் தானே ஒரு தனி அடையாள எண் போட்டு அனுப்ப வேண்டும், அந்த எண் இரண்டு முறை வராமல் தடுக்க டேபிளில் யூனிக் இண்டெக்ஸும் இருக்க வேண்டும். அப்போதுதான் சிக்னல் அறுந்து இரண்டு முறை வந்த பதிவு இரண்டு குலையாக எண்ணப்படாது.

சரி, இதெல்லாம் இருபது நிமிடக் கதை. உங்கள் ஆறு மணி நேரம் போவது வேறு இடத்தில்.

தினம் 40,000 பதிவு, மூன்று வருடம். பெருக்கிப் பாருங்கள், 4 கோடியே 38 லட்சம் வருகிறது. நேற்றைய 40,000 பதிவைச் சேர்ப்பதற்காக ஒவ்வோர் இரவும் நாலு கோடிச் சொச்சத்தைத் திரும்பக் கூட்டுகிறீர்கள். நாளைக்கு இன்னும் 40,000 கூடும். மெதுவாக, ஆனால் நிற்காமல் நீண்டுகொண்டே போகும் ஓட்டத்துக்கு அநேகமாக இதுதான் காரணம். எந்த சர்வர் வாங்கினாலும் கடைசியில் இதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

ஆனால் முன்பு இருந்தவரைத் திட்டிவிடாதீர்கள். அவர் அப்படி எழுதியதற்குக் காரணம் இருந்திருக்கும் என்பது என் ஊகம். மண்டோரின் கைப்பேசிக்கு எல்லா பிளாக்கிலும் சிக்னல் கிடைக்காது. சாயங்காலம் அலுவலக வைஃபைக்குப் பக்கத்தில் வந்தால்தான் கணக்கு ஏறும். பேட்டரி போனது, மழையில் நனைந்தது, மண்டோர் இரண்டு நாள் லீவு என்றால் திங்கட்கிழமை வெட்டிய பழம் வியாழக்கிழமைதான் டேட்டாபேஸுக்கு வரும். நேற்று வெட்டியது எது என்று தேதியைப் பார்த்து எடுக்கும் ஸ்கிரிப்ட் அந்தத் திங்கட்கிழமைப் பழத்தை என்றைக்கும் பார்க்காது. மாதக் கடைசியில் வெட்டியவருக்குச் சம்பளம் குறையும், பேச்சு வரும். அந்தப் பேச்சை ஒரு முறை கேட்டவர், எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் தினமும் திரும்பக் கூட்ட வைத்திருப்பார். தரவு சிறிதாக இருந்தபோது அது சரியான முடிவுகூட.

ஆகவே நேற்றைய தேதியை மட்டும் எடு என்று அவசரமாக மாற்றிவிட்டால் வேகம் வரும், பழைய வியாதியும் திரும்பி வரும். இங்கே இரண்டு நேரங்களைப் பிரித்து வைக்க வேண்டும். பழம் வெட்டிய நேரம் ஒன்று, பதிவு டேட்டாபேஸுக்கு வந்துசேர்ந்த நேரம் இன்னொன்று. வெட்டிய நேரம் கைப்பேசி சொல்வது. வந்துசேர்ந்த நேரத்தை டேட்டாபேஸே போட வேண்டும், கைப்பேசிக் கடிகாரத்தை நம்பக் கூடாது. இரவு ஓட்டம் பார்க்க வேண்டியது வந்துசேர்ந்த நேரத்தை: போன ஓட்டத்துக்குப் பிறகு புதிதாக என்னென்ன வந்திருக்கின்றன? அவற்றில் எந்தெந்தத் தோட்டம், எந்தெந்த வெட்டிய தேதி இருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். சாதாரண நாளில் 14 தோட்டத்துக்கு நேற்றைய தேதி, அதோடு தாமதமாக வந்த சில பழைய தேதிகள், இவ்வளவுதான் இருக்கும். அந்தத் தோட்டம், அந்தத் தேதிக்கான தினக்கணக்கை மட்டும் அழித்து, மூலப் பதிவிலிருந்து மறுபடி கூட்டி எழுதுங்கள். அழிப்பதும் எழுதுவதும், நடந்தால் முழுதும் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்கிற ஒரே டிரான்சாக்‌ஷனில் இருக்கட்டும். பாதியில் நின்றால் மறுபடி ஓட்டலாம், எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் இதில் விழுவதைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸில் நேரத்தைக் கேட்கும் நவ் என்பது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத்தான் கொடுக்கும், முடிந்த நேரத்தை அல்ல. 12.50க்குத் தொடங்கிய ஒரு பெரிய ஏற்றம் 1.10க்கு முடிந்தால், அதன் பதிவுகளில் 12.50 என்று இருக்கும். 1 மணி ஓட்டம் அவற்றைப் பார்த்திருக்காது, மறுநாள் ஓட்டம் 1 மணிக்குப் பிறகு வந்ததைத்தான் தேடும். இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும். அதனால் போன ஓட்டத்தின் நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் பின்னால் போய் எடுங்கள். மேலே சொன்ன முறையில் திரும்பக் கூட்டினால் தப்பு வராது என்பதால் இந்த மிகைக்குச் செலவு கொஞ்சம்தான்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை பகலில் பழைய முறையில் எல்லாவற்றையும் ஒரு தனி டேபிளில் கூட்டி, புது முறையின் தினக்கணக்கோடு ஒப்பிடுங்கள். சில வாரம் வித்தியாசம் இல்லாமல் வந்தால் பிறகு மாதம் ஒரு முறை போதும்.

மேனேஜர்களுக்கு டேஷ்போர்டு காலியாகத் தெரிவதற்கும் இங்கேயே மருந்து. டேபிளைக் காலி செய்யும் டிரங்கேட் கட்டளையைப் போட்டு உடனே கமிட் ஆகிவிட்டால், மறுபடி நிரம்பும் வரை திறப்பவருக்கெல்லாம் வெறும் திரைதான். கமிட் ஆகாமல் டிரான்சாக்‌ஷன் திறந்தே இருந்தால் டேபிள் பூட்டப்பட்டு, திரை சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். உங்களுக்குக் காலியாகத் தெரிகிறது என்றால் முதல் வகை. புது முறையில் டேபிளைக் காலி செய்யும் பேச்சே இல்லை, ஓட்டம் தாமதமானாலும் முந்தின நாள் கணக்காவது தெரியும். திரையின் மேல் மூலையில், எத்தனை மணி வரை வந்த கணக்கு என்று தோட்டவாரியாகப் போட்டுவிடுங்கள். பழைய கணக்கு என்று தெரிந்து பார்ப்பது வேறு, புதியது என்று நம்பிப் பழையதைப் பார்ப்பது வேறு.

கிராணியின் கணக்கு ஒத்துப்போகாதது வேகப் பிரச்சினை இல்லை, ஆனால் எனக்கு இதுதான் அதிகக் கவலை. டேட்டாபேஸின் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கிறதா என்று பாருங்கள். நம் நேரம் அதைவிட எட்டு மணி முன்னால். யூடிசியில் நள்ளிரவு ஆகும்போது இங்கே காலை 8. அப்படியானால் பெரட்டு முடிந்து 7 மணிக்கு வெட்டத் தொடங்கியவரின் முதல் ஒரு மணி நேரப் பழம் முந்தின நாள் கணக்கில் விழும். ஞாயிற்றுக்கிழமை காலை வெட்டியது சனிக்கிழமையாகிவிடும். ஓய்வுநாளில் வேலை செய்யும் துண்டுக் கூலிக்காரருக்கு இரட்டை வீதம் என்கிறது மலேசியாவின் 1955 வேலைச் சட்டம். ஒரு தேதி தவறினால் யாருடைய பையிலிருந்து போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்தை டைம்ஸோனோடு சேமித்து, தேதியாக மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் ஏசியா கோலாலம்பூர் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கிராணியின் புத்தகத்தில் பொருந்தாத ஒரு நாளை எடுத்து, காலை 8 மணிக்கு முந்தின பதிவுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் அந்த எண்ணோடு பொருந்தினால் சந்தேகம் தீர்ந்தது.

மாற்றங்கள் முடிந்த பிறகு இன்னொரு தொல்லை வரக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் கேள்வி திடீரென்று ஒரு நாள் பத்து மடங்கு மெதுவாகும். ஒரு டேபிளில் எது எவ்வளவு இருக்கிறது என்ற புள்ளிவிவரத்தை வைத்துத்தான் போஸ்ட்கிரெஸ் பதிவுகளைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும். அந்தப் புள்ளிவிவரத்தை அது தானாகப் புதுப்பிப்பது, இயல்பு அமைப்பில், டேபிளில் சுமார் 10 சதவிகிதம் மாறிய பிறகுதான். 4 கோடியே 38 லட்சத்தில் 10 சதவிகிதம் 43 லட்சத்து 80 ஆயிரம். தினம் 40,000 என்றால் அதற்கு நூற்றுப்பத்து நாள் ஆகும்! அதுவரை நேற்று வந்தவை ஏதோ சில பதிவுகள்தான் என்று நினைத்து, சில பதிவுகளுக்கு ஏற்ற வழியில் 40,000ஐயும் இழுக்கும். இரவு ஏற்றம் முடிந்தவுடன் அந்த டேபிளுக்குப் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை நீங்களே ஓட்டுங்கள், அவ்வளவுதான். மெதுவான கேள்வி வேறு ஏதாவது இருந்தால், தேர்ந்தெடுத்த வழியைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் போட்டு, அது கணித்த எண்ணிக்கையையும் உண்மையில் வந்ததையும் ஒப்பிடுங்கள். ஒன்று, இரண்டு என்று கணித்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்தால் கோளாறு அங்கேதான். வந்துசேர்ந்த நேரத்துக்கு இண்டெக்ஸ் போட மறக்காதீர்கள். கேள்வியில் அந்த நேரப் பத்தியை, தேதியை மட்டும் எடுக்கும் டேட் ஃபங்ஷனுக்குள் போட்டால் சாதாரண இண்டெக்ஸ் பயன்படாது. இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை என்று கேளுங்கள்.

இனி எச்சரிக்கை. தினம் அறுபது மின்னஞ்சல் என்றால் எதையும் யாரும் படிப்பதில்லை என்று பொருள். எல்லாவற்றையும் நிறுத்துங்கள். காலை 4.30க்குள் ஓட்டம் முடியவில்லையா? உங்கள் கைப்பேசி அடிக்கட்டும், பெரட்டுக்கு முன்னால் ஒரு முறை மறு ஓட்டம் விட நேரம் இருக்கும். முடியவில்லை என்பதில் தொடங்கவே இல்லை என்பதும் அடக்கம். ஓடாத ஸ்கிரிப்ட் பிழைச் செய்தி அனுப்பாது, அதனால் இந்தச் சோதனை வேறொரு மெஷினில் இருக்க வேண்டும். முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கினாலும், குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் கிரான் கண்டுகொள்ளாது. ஸ்கிரிப்டை எஃப்லாக் என்னும் பூட்டுக் கருவி வழியாகத் தொடங்குங்கள், ஒன்று ஓடும்போது இன்னொன்று உள்ளே வராது.

வழக்கத்தைவிட வெகு சீக்கிரம் முடிந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். ஏதோ ஓர் ஆலையின் லைன் போய்விட்டது, ஃபைல் காலியாக வந்தது, ஸ்கிரிப்ட் பச்சை விளக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கும். உங்களுக்கு இதற்கு ஓர் அருமையான வசதி இருக்கிறது. ஓர் எடைமேடையின் சீட்டு எண்கள் வரிசையாகத்தான் வரும். நேற்றைய கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து ஒன்று கூட்டி, வந்திருக்கும் சீட்டுகளின் எண்ணிக்கையோடு பாருங்கள். ரத்தான சீட்டைத் தவிர வேறு இடைவெளி இருந்தால் காலையில் அந்த ஆலைக்கு ஒரு போன் போடுங்கள். இது நள்ளிரவில் எழுப்ப வேண்டிய விஷயம் இல்லை, காலை 8 மணிக்கு ஒரே மின்னஞ்சலில் நாலு ஆலைக்கும் சேர்த்து வந்தால் போதும். ஓட்ட நேரத்தைப் பார்க்கும்போது மாதச் சராசரியை நம்ப வேண்டாம். கடந்த முப்பது இரவில் மிக மோசமான இரண்டு இரவுகளை எடுத்து, எந்தப் படி இழுத்தது என்று உங்கள் டேபிளில் பாருங்கள்.

பழம் ஏறும் மாதங்களையும் நினைவில் வையுங்கள். செப்டம்பர், அக்டோபரில் பதிவு கூடும். அதற்கு முன்னால், ஒரு நாளின் தரவை இரண்டு மடங்காக்கி சோதனை டேட்டாபேஸில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அப்போதும் நேரம் போதவில்லை என்றால் ஆலை ஆலையாகப் பிரித்து நாலையும் ஒரே நேரத்தில் ஓட்டலாம். சும்மா இருக்கும் கோர்களுக்கு அப்போது வேலை கிடைக்கும்.

நண்பர் சொன்ன ஸ்பார்க் நல்ல கருவிதான், ஒரு மெஷினில் அடங்காத தரவைப் பல மெஷினுக்குப் பிரித்துக் கொடுக்க எழுதப்பட்டது. தினம் 40,000 பதிவு ஒரே மெஷினில் தாராளமாக அடங்கும். மெஷின்களுக்கிடையே தரவை மாற்றிக்கொள்ளும்போது அது இயல்பாக 200 பகுதிகளாகப் பிரிக்கும், 40,000ஐப் பிரித்தால் பகுதிக்கு 200 பதிவு. புதிய பதிப்புகள் சின்னப் பகுதிகளைத் தானாகச் சேர்த்துவிடும் என்றாலும், கணக்குப் போடுவதைவிட அதைத் தொடங்கி நிறுத்துவதற்கே அதிக நேரம் போகும், பார்த்துக்கொள்ள இன்னோர் ஆளும் வேண்டியிருக்கும். அடுத்த வேலைக்கு உதவும் என்று நீங்கள் கற்றுக்கொள்வதாக இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் லேப்டாப்பில் ஒரே மெஷினாக ஓட்டிப் பழகலாம். மூன்று வருடக் குலைக் கணக்கு கையில் இருக்கிறது, பெயரையும் அடையாள எண்ணையும் நீக்கிவிட்டுப் பயன்படுத்த அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள், பழக அதைவிட நல்ல தரவு கிடைக்காது. விற்பனையாளர் அடுத்த முறை வரும்போது உங்கள் ஒரு வாரக் கணக்கை மேசையில் வைத்து, இதில் எந்தப் படியை உங்கள் சர்வர் குறைக்கும் என்று கேளுங்கள்.